சித்திரைக்குள் ஒரு பூ

"பூவைக் காணோம்மா!"

சகாதேவன் போட்ட சத்தத்தில், அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அமராவதி கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்தாள்.

"எந்தப் பூவுடா?"

"எந்தப் பூவா? நம்ம வீட்டுல என்ன பூக்கடையா வச்சிருக்கோம்? இருந்ததே மூணு பூ. காலையில நீயும்தானே பார்த்த? இப்போ ஒண்ணுகூட இல்ல."

"நான் தொடலடா, சத்தியமா. காக்கா கொத்திட்டுப் போயிருக்குமா?"

வாசல் மண்ணை நிரப்பிய பழைய பெயின்ட் வாளி ஒன்றில் அந்தச் செடி நின்றது. சோளநாற்று போல நீள நீளமான இலை. தண்டின் உச்சியில் கொத்தாகச் சின்ன மொட்டுகள். விடிந்தபோது அதில் மூன்று மொட்டு விரிந்திருந்தது. பூவுக்கு மூன்று இதழ், நல்ல ஊதா நிறம், நடுவில் மஞ்சள் பொட்டு. உப்பளத்துக்குக் கிளம்பிய சகாதேவன் அதைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டு, நோக்கியா போனை எடுத்துக் கலியமூர்த்தி வீட்டுக்கு அடித்தான்.

"மாமா, பூத்துடுச்சி!"

"பூத்துடுச்சா? இரு, இரு. இப்பவே கிளம்பி வர்றேன்." பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. கலியமூர்த்தியின் குரல் இறங்கியது. "இன்னிக்கு வெள்ளிக்கிழமையாம். பத்தரைக்கு ராகு காலமாம். அது முடிஞ்சு பன்னெண்டுக்கு மேலதான் கிளம்பணும்னு அண்ணன் சொல்றாரு. காலையிலயே வந்தா தேவலாம்... ம். அவரு எங்க கேக்கப் போறாரு."

இப்போது மணி ஒன்று. எந்த நிமிஷமும் வந்துவிடுவார்கள். பூவைக் காணோம்.

இந்தப் பூவை நம்பித்தான் சகாதேவனின் கல்யாணம் இருந்தது.

மரக்காணத்து உப்பளம் ஒன்றில் அவன் மேஸ்திரி. வயது இருபத்தெட்டு. பத்து மைல் உள்ளே, நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊரில் சங்கீதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. காபி கொடுக்க வந்தவள் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து, உள்ளே போகவும் மறந்து அங்கேயே நின்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய பெரியப்பா தனகோட்டிக்குத்தான் பிடிக்கவில்லை.

"கடலு ஏறிட்டுப் போன மண்ணுடா அது," என்றார் தம்பியிடம், அதாவது சங்கீதாவின் அப்பா கலியமூர்த்தியிடம். சுனாமி வந்துபோய் ஓராண்டு ஆகியிருந்தது. "முன்னாடியும் உப்பு, இப்பவும் உப்பு. புல்லு மொளைக்காத எடத்துல நம்ம பொண்ணு எப்படித் தழைக்கும்?" அவர் கைவசம் வேறு மாப்பிள்ளை இருந்தான். அவருடைய மச்சான் மகன், திண்டிவனத்தில் உரக்கடை.

பொங்கல் சமயம், டீக்கடையில், இருபது பேருக்கு நடுவில் இந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. தனகோட்டி கேலி செய்யச் செய்ய, அண்ணனை எதிர்த்துப் பேசியே அறியாத கலியமூர்த்திக்குச் சூடு ஏறிவிட்டது.

"அந்த உப்பு மண்ணுல ஒரு செடி பூக்கட்டும்ணா. சித்திரை முடியறதுக்குள்ள பூத்தா, பொண்ணு அங்க. பூக்கலன்னா நீ சொல்ற உரக்கடைக்கே கட்டிக் குடுத்துடறேன். போதுமா?"

இருபது பேர் காதில் விழுந்த வார்த்தையைத் திரும்ப வாங்க அந்த ஊரில் வழி கிடையாது.

அடுத்த வாரம் கலியமூர்த்தி தனியாக வந்தார். தோளில் வழக்கமான பச்சைத் துண்டு, கையில் கறுப்பு பிளாஸ்டிக் பையில் ஒரு செடி.

"இந்தா தம்பி. இதுதான் செடி."

"பேரு என்ன மாமா?"

"பேரெல்லாம் எனக்கு எதுக்கு? பூக்கும்."

"என்ன உரம் போடணும்? எவ்வளவு தண்ணி?"

"ஒண்ணும் பண்ணாத. சும்மா விடு." இரண்டடி போனவர் திரும்பி நின்று இன்னொரு தரம் சொன்னார். "சும்மா விடணும். புரியுதா?"

அவர் தலை மறைந்ததும் அமராவதி சொன்னாள்: "பார்த்தியாடா? சும்மா விட்டா செத்துடும். அதுக்குத்தான் அப்படிச் சொல்லிட்டுப் போறாரு. பொண்ணு குடுக்க இஷ்டமில்லாத ஆளு."

சகாதேவனுக்கும் அப்படித்தான் பட்டது. அன்றிலிருந்து அவன் அந்தச் செடியை ஒரு நாள்கூடச் சும்மா விடவில்லை.

இப்போது பூவைக் காணாமல் அவன் வாளியருகே நின்றபோது, "வாய் பொளந்து நிக்காதடா. மொட்டு இருக்குது இல்ல? அதை விரிச்சு விடு!" என்றாள் அமராவதி. தலையிலிருந்து ஹேர்பின்னைப் பிடுங்கிக் கொடுத்தாள்.

காலையில் பூவாக இருந்ததுதான் இப்போது சுருண்டு, நனைந்த காகிதம் போல மொட்டுக்குள் ஒட்டிக்கிடந்தது. சகாதேவன் ஹேர்பின் முனையால் மெல்ல நெம்பினான். அது ஊதாத் தண்ணீராகக் கரைந்து விரலில் வழிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வாயால் ஊதிப் பார்த்தான். அது கரைந்து மூக்கில் தெறித்தது.

"வீட்டுல யாரு?" என்று வாசலில் குரல் கேட்டது.

தனகோட்டி வாய் நிறைய வெற்றிலையோடு முன்னால் வந்தார். பின்னால் பச்சைத் துண்டு.

"ஏம்பா, பூ எங்க?"

"காலையில இருந்துச்சுங்க பெரியப்பா."

"காலையில எங்க வீட்டுல யானைகூட இருந்துச்சு. நீ வர்றதுக்குள்ள போயிடுச்சு." தனகோட்டி வாளியைச் சுற்றி வந்தார். "மூக்குல இன்னா ஊதாவா?"

சகாதேவன் துடைத்தான். விரலிலிருந்த ஊதாவும் சேர்ந்து கன்னம் வரை போயிற்று.

கலியமூர்த்தி செடியருகே குனிந்து அதன் பக்கத் தண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சித்திரை முடிய இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதுண்ணா. இன்னிக்கு பூவு நம்ம கண்ணுல படல, அவ்வளவுதான்," என்றார். "கை கழுவிட்டு வர்றேன்." குளியலறைத் தடுக்கைத் தாண்டிப் பின்பக்கம் போனவர் வரக் கால்மணி ஆயிற்று.

அவர்கள் போன பிறகு அமராவதி அலுத்துக்கொண்டாள். "உன் மாமனாரு கை கழுவ போனாரே, பார்த்தியா? வரும்போது கையெல்லாம் சேறு. வேட்டியில வேற துடைச்சுக்கினாரு. போறதுக்கு முன்னாடி சுத்தமாத்தான் இருந்துச்சு. கைகூடக் கழுவத் தெரியாத மனுஷன் நமக்குச் சோதனை வைக்கிறாரு!"

சகாதேவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் இருந்த பூ மத்தியானம் இல்லை. நடுவில் என்ன வந்தது? வெயில் வந்தது. அப்படியென்றால் வெயில்தான் எதிரி.

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள், அரிசி டிரம்முக்கும் பீரோவுக்கும் நடுவில் வைத்தான். பதினைந்து நாளில் செடி வெளுத்தது. மொட்டு ஒன்றும் வரவில்லை.

சத்து போதவில்லை என்று உப்பளத்தில் ஒருவர் சொன்னார். சகாதேவன் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினான். ஒரு கை யூரியா போட்டான். அதற்குப் பிறகு செடிக்குப் பசி வந்ததுபோல இலை நீண்டது. முழங்கை நீளம் போயிற்று. தன் கனத்தைத் தானே தாங்காமல் நாலா பக்கமும் சரிந்து, பீரோ கதவைத் திறக்கவிடாமல் தொங்கியது.

"இது பூச்செடியாடா, மாட்டுத் தீவனமா?" என்று கேட்டாள் அமராவதி. "புடவை எடுக்க முடியல. ரெண்டு நாளா இதையேதான் கட்டிக்கினு இருக்கேன்."

சரிந்த இலைகளைச் சகாதேவன் தூக்கி, அவளுடைய பழைய உள்பாவாடை நாடாவால் கட்டினான். கட்டிய இடத்தில் தண்டு ஒடிந்தது. ஒடிந்த இடத்திலிருந்து பிசுபிசுவென்று நூல் நூலாக ஏதோ வடிந்தது. அதற்கு மஞ்சள் பூசிக் கட்டுப்போட்டான். காயம்பட்ட ஆளை வைத்திருப்பதுபோல அந்த வாளி மூலையில் இருந்தது.

சித்திரை பிறந்தது. உப்பு நன்றாக விளைகிற வெயில். பாத்திகளில் வெள்ளை வெளேரென்று உப்பு வாரிக் குவித்தார்கள். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், மேஸ்திரியைத் தவிர.

ஒருநாள் சாயங்காலம் அவன் போன் ஒருமுறை அடித்து நின்றது. சங்கீதாவின் மிஸ்டு கால். அவன் திரும்ப அடித்தான்.

"செடி எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குது," என்றான் சகாதேவன், மஞ்சள் கட்டைப் பார்த்தபடி. "நீ எப்படி இருக்கற?"

"செடி நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்." பிறகு மளமளவென்று சொன்னாள். "பெரியப்பா நாள் குறிச்சிட்டாரு. சித்திரையில கடைசி வெள்ளிக்கிழமை நீங்க பூ காட்டணும். இல்லன்னா அன்னிக்கு சாயங்காலமே உரக்கடைக்காரங்க பொண்ணு பார்க்க வர்றாங்களாம். கேசரிக்கு ரவைகூட வாங்கி வச்சாச்சு."

"உங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"அப்பா யார்கிட்டயும் பேசறதே இல்ல. நான் அழுதா எழுந்து கொல்லைக்குப் போயிடறாரு." அவள் குரல் தணிந்தது. "ஏங்க, ஒரு பூதானே? ஒண்ணே ஒண்ணு?"

"பூக்கும் சங்கீதா."

"சத்தியமா?"

"சத்தியமா," என்றான். சொல்லி முடித்ததும் வாளியிலிருந்து ஓர் இலை தரையில் விழுந்தது.

மறுநாளே வாளியை வாசலுக்குக் கொண்டுவந்தான். உரத்தை நிறுத்தினான். கட்டை அவிழ்த்தான். வேறு என்ன செய்யலாம் என்று பார்த்தான். வாசல் நிறையக் குப்பை, கிழிந்த சாக்கு, உடைந்த பலகை. பெண் வீட்டார் வந்து நிற்கிற இடம் சுத்தமாகவாவது இருக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுச் செல்லம்மாளிடம் சொன்னான்.

"அக்கா, நாளைக்கு நான் வர்றதுக்குள்ள இந்த வாசலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க. ஒரு களை இருக்கக் கூடாது."

"அதுக்கென்ன தம்பி? கடலைக்கொல்லையில பொறந்து வளர்ந்தவ நான். என்கிட்ட விடு."

மறுநாள் மத்தியானம் சகாதேவன் வந்தபோது வாசல் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் தெளித்துக் கோலம்கூடப் போட்டிருந்தாள். பெயின்ட் வாளியும் சுத்தமாக இருந்தது. உள்ளே மண் மட்டும் இருந்தது. மண்ணுக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நாலைந்து வெட்டுத் தண்டு.

"அக்கா! இதுல இருந்த செடி?"

"செடியா? கானாவாழை இல்ல மண்டிக் கெடந்துச்சு! அறுத்துட்டேன்." செல்லம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "வேரோட புடுங்கலாம்னு பார்த்தேன், வரல. பொல்லாத களை தம்பி அது. எங்க அப்பன் கொல்லையில அதைப் புடுங்கியே என் நகம் தேஞ்சுபோச்சு."

"அறுத்ததை எங்க போட்டீங்க?"

செல்லம்மாளின் ஆடு வேலியோரம் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் தாடியில் நீளமாக ஓர் இலை ஒட்டியிருந்தது.

சகாதேவன் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

கடைசி வெள்ளிக்கு எட்டு நாள் இருந்தது. வெட்டுத் தண்டில் பச்சையாக முளை கிளம்பியது. தினம் தினம் ஸ்கேல் வைத்து அளந்தான். புதன்கிழமை வரை ஒரு சாண் இலை வந்தது. மொட்டின் சுவடே இல்லை.

அன்று மத்தியானம் அவன் பஸ் பிடித்துக் கோட்டக்குப்பம் போனான். ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடிக்குள் பிளாஸ்டிக் பூக்கள் தொங்கின.

"ஊதால இருக்குதா பாய்?"

"மாஷா அல்லா, இருக்கே! துபாய்ல இருந்து வந்த சரக்கு. துவைச்சாலும் சாயம் போகாது."

"இதுக்கு அஞ்சு இதழ் இருக்குது. எனக்கு மூணு போதும்."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அஞ்சு இருக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம் தம்பி?"

வீட்டுக்கு வந்து, அமராவதியின் கத்தரிக்கோலால் ஒவ்வொரு பூவிலும் இரண்டு இரண்டு இதழை வெட்டினான். நாலு பூ தயாராயிற்று. "பாவம்டா இது," என்றாள் அமராவதி. சொல்லிவிட்டு, மஞ்சள் பொட்டு வைக்க மஞ்சள் தூளைக் குழைத்து அவளே கொடுத்தாள். கண் கூசும் மத்தியான வெயிலில், தூரத்திலிருந்து பார்த்தால் ஒப்பேற்றிவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கலியமூர்த்தி போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே வர்றோம். ஆறரைக்கெல்லாம் அங்க இருப்போம்."

சகாதேவன் பிளாஸ்டிக் பூக்களைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்து வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியுமே. "எதுக்கு மாமா அவ்வளவு காலையில? மத்தியானமா வாங்க. சாப்பாடு ரெடி பண்றோம்."

"சாப்பாடு கெடக்குது. காலையிலதான் வருவேன். பத்தரை ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னு அண்ணன்கிட்ட சண்டை போட்டு சம்மதிக்க வச்சிருக்கேன்."

எவ்வளவு கொடுமைக்கார மனிதர் என்று சகாதேவன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆறரைக்கு அண்ணனும் தம்பியும் வாசலில் நின்றார்கள். வாளியில் நாலு ஊதாப் பூ.

"அட, பூத்துத்தான் இருக்குது!" என்றார் தனகோட்டி. அவர் முகம் தொங்கிப்போயிற்று.

கலியமூர்த்தி ஒரு கணம் பூவைப் பார்த்தார். இன்னொரு கணம் சகாதேவனைப் பார்த்தார். பிறகு அண்ணனுக்கும் வாளிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். "பார்த்தாச்சு இல்லண்ணா? வா, போலாம். பஸ்ஸு போயிடும்."

"இருடா. வந்தது வந்தோம், கிட்டப் போய் பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்க்கறது? பூவுன்னா பூவு."

"வாசனை இருக்குதான்னு பார்க்கறேன், நகரு." தனகோட்டி தம்பியைத் தள்ளிவிட்டுக் குனிந்து மோந்தார். மூக்கில் மஞ்சள் தூள் ஏறிப் பலமாகத் தும்மினார். அந்தத் தும்மலில் மூன்று பூ வாளிக்கு வெளியே விழுந்தது. நாலாவதை அவர் கையில் எடுத்துப் புரட்டினார். காம்பில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆடு தலையை நீட்டி, கீழே விழுந்த பூ ஒன்றைக் கவ்வி மென்று பார்த்துவிட்டுத் துப்பியது.

"ஆடுகூட ஏமாறல," என்றார் தனகோட்டி. "ஏம்பா, எங்களை எதுல சேர்த்த?"

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சகாதேவன் தலைகுனிந்து நின்றான்.

"தப்புதாங்க பெரியப்பா. ஏமாத்தத்தான் பார்த்தேன். நெசமான செடி பூத்துச்சுங்க, நான்தான் பார்த்துப் பார்த்துக் கெடுத்துட்டேன். உரம் போட்டேன், கட்டுப் போட்டேன், கடைசியில ஆடு தின்னுடுச்சு. ஒரு செடிய வளர்க்கத் துப்பில்ல எனக்கு." குனிந்து, விழுந்த பூக்களைப் பொறுக்கினான். "ஆனா உங்க பொண்ணை விட்டுட மனசு வரல. அதான் இப்படிப் பண்ணிட்டேன்."

கலியமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு, "அண்ணா, வாயில வெத்தலைய எவ்வளவு நேரம் வச்சிருப்ப? பின்பக்கம் போய் துப்பிட்டு வா. பேசலாம்," என்றார்.

"துப்பிட்டு வந்து நேரா பஸ்ஸுதான். இனிமே என்ன பேச்சு?" தனகோட்டி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்.

துப்புகிற சத்தம் கேட்கவில்லை.

பிறகு, "டேய்! கலியமூர்த்தி! இங்க வாடா!" என்று ஓர் அலறல்.

எல்லோரும் ஓடினார்கள். குளியலறைத் தடுக்குக்குப் பின்னால், குளித்த தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தில், வேலியோரமாக ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை மண்டிக் கிடந்தது. அதன் மேல் எல்லாம் ஊதா. காலை வெயிலைப் பார்த்து முகம் விரித்த பூக்கள். தனகோட்டி துப்ப மறந்து, கன்னம் புடைக்க நின்றிருந்தார்.

"இது... இது கானாவாழைடா!"

"கானாவாழையில இத்தாம் பெரிய பூவை எங்கண்ணா பார்த்த?" என்றார் கலியமூர்த்தி.

"நானும் ஒரு மாசமா கானாவாழைன்னுதான் நெனச்சேன்," என்றாள் அமராவதி. "இடுப்பு வலி, புடுங்க முடியல. அப்படியே விட்டுட்டேன்."

"நான் இந்தாண்ட போடவே இல்லையே! எல்லாத்தையும் ஆட்டுக்குத்தானே போட்டேன்?" என்றாள் வேலிக்கு அப்பாலிருந்து செல்லம்மாள்.

தனகோட்டி வேலிப்பக்கம் திரும்பித் துப்பினார். வாயைக் கொப்பளித்தார். "பூவு சரி. ஆனா இது உப்பு மண்ணுன்னு யாரு சொன்னது? வண்டியில நல்ல மண்ணு கொண்டாந்து கொட்டியிருப்பான். பிளாஸ்டிக் பூ வாங்கின ஆளு, மண்ணு வாங்க மாட்டானா?"

அவர் விவசாயி. நிலம் வாங்கும்போது என்ன செய்வாரோ அதையே செய்தார். குந்தி உட்கார்ந்து, செடியடியில் ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாக்கில் வைத்தார்.

முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"தூ! தூ! ஊறுகாய்க்குப் போடலாம்போல இருக்குதுடா!"

"உப்பா இல்லையாண்ணா?" என்றார் கலியமூர்த்தி அமைதியாக.

"உப்பு."

"பூத்திருக்குதா இல்லையா?"

தனகோட்டி எழுந்து நின்றார். பூக்களை விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். "பதினேழு." வேட்டியை உதறிக் கட்டினார். "வாக்குன்னா வாக்குதான். நாக்கே சொல்லிடுச்சு, இனிமே நான் என்ன சொல்றது? ஏம்பா மாப்ள, கொஞ்சம் தண்ணி குடு. நாக்கு எரியுது."

அவர் வாயிலிருந்து வந்த அந்த முதல் 'மாப்ள'யைக் கேட்டதும் அமராவதி தண்ணீருக்குப் பதிலாகப் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் போன் ஒருமுறை அடித்து நின்றது. சகாதேவன் உடனே அடித்தான்.

"கேசரி பண்ணிட்டோம்," என்றாள் சங்கீதா. "நாங்களே சாப்பிட்டுட்டோம். பெரியப்பா ரெண்டு தடவை வாங்கினாரு. வாயில இன்னும் கரிக்குதாம்." சிரித்தாள். பிறகு சிரிப்பது நின்று மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஏங்க, அந்தப் பூவுக்குப் பேரு என்ன?"

"தெரியலையே."

"கேட்டுச் சொல்லுங்க. நான் அங்க வந்ததும் அதை எப்படிக் கூப்பிடறது?"

வைகாசியில் தட்டு மாற்றினார்கள். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கலியமூர்த்தியைக் கேட்டதற்கு, "எங்கியோ இருந்து கொண்டாந்தேன், ஞாபகமில்ல," என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் பூவோடு ஒரு தண்டைப் பறித்து, ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ரோட்டோரம் இருந்த நர்சரிக்குப் போனான். நர்சரிக்காரி லூர்துமேரி ஹோஸ் குழாயோடு தொட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள்.

"இதுக்குப் பேரு என்னங்க அக்கா?"

"இதுவா? ஸ்பைடர்வொர்ட்." அவள் தண்டை ஒடித்து இழுத்துக் காட்டினாள். மெல்லிய நூல் நீண்டது. "பார்த்தியா? சிலந்தி நூல் மாதிரி வருது இல்ல, அதான் அந்தப் பேரு. காலையில பூக்கும். வெயில் ஏறினா மூடிக்கும், கரைஞ்சு தண்ணியாப் போயிடும். மறுநாள் வேற மொட்டு விரியும்."

சகாதேவன் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தான். "தினமுமா?"

"தினமும். உரம் போட்டா இலைதான் நீளும், பூக்காது. நெழல்ல வச்சாலும் பூக்காது. அடியோட அறுத்துட்டா திரும்பத் தழைஞ்சு முன்னைவிட நல்லா பூக்கும். ஒரு கணு கிள்ளி ஈர மண்ணுல சொருகிட்டா போதும், அதுபாட்டுக்கு வரும். ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா விட்டா போதும்."

"சும்மா விட்டா போதும்," என்று சகாதேவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"இது உனக்கு எப்படி கெடைச்சுது தம்பி? இந்தப் பக்கத்துல எங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. அதுவும் ஒண்ணே ஒண்ணு வித்தேன், தை மாசம்."

"யாருக்குக்கா?"

லூர்துமேரி ஹோஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பேரு தெரியல. பச்சைத் துண்டு போட்ட பெரியவரு ஒருத்தரு. 'டீக்கடையில வாயை விட்டுட்டேன்மா, வீட்டுல பொண்ணு அழுவுது. எப்பேர்ப்பட்ட ஆளு கையில குடுத்தாலும் சாகவே சாகாத செடியா ஒண்ணு குடு'ன்னு கேட்டு, இதைத் தரையில வச்சு செருப்புக் காலால ரெண்டு மிதி மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கிட்டுப் போனாரு!"